பைக்குள் சிவப்பும் வெள்ளையும்

எங்கள் கல்லூரியின் புள்ளியியல் மாணவிகளை ஆண்டுக்கொரு முறை களப்பயிற்சிக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. சென்ற ஆண்டு ஆட்டையாம்பட்டிக்கு அருகில் ஓர் ஊராட்சியில் குடிநீர்க் கணக்கெடுப்பு நடத்தினோம். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வருகிறது, யார் வீட்டில் தொட்டி இருக்கிறது, யார் குடத்தோடு நிற்கிறார்கள் என்பது போன்ற கேள்விகள். முடிவை ஒரு தாளில் அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம்.

இந்த ஆண்டு அந்த ஊராட்சியின் தலைவர் என்னைத் தேடித் திருச்செங்கோட்டுக்கே வந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய பெண். வீட்டில் விசைத்தறிகள் ஓடுகின்றன. எங்கள் துறை அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"போன வருசம் தண்ணியப் பத்திக் கேட்டீங்க டீச்சர். இந்தத் தடவ என்னையப் பத்திக் கேளுங்க."

அவருடைய நிலைமை இது. தலைவர் பதவி அந்த ஊரில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தபோது, கணவரின் அண்ணன்தான், இவர் பெரிய மாமா என்று அழைப்பவர், இவரை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். அடுத்த தேர்தலில் பதவி பொதுவாகிறது. அண்ணன் தானே நிற்கப் போகிறார். இவரை ஒதுங்கிக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. இவருக்கோ தொடங்கிய வேலைகள் பாதியில் கிடக்கின்றன; மறுபடி போட்டியிட ஆசை. ஆனால் எதிர்த்து நின்றால் ஒரே வளவில், ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் இரண்டு வீடுகளும் இரண்டாகிவிடும். ஊர் உண்மையிலேயே தன்னை விரும்பினால் அந்த விலையைக் கொடுக்கலாம். விரும்பாவிட்டால் எதற்குக் குடும்பத்தை உடைப்பது?

"ஊர்லயே கேட்டுப் பார்த்தீங்களா?" என்றேன்.

"கேக்காம இருப்பனுங்களா? நான் கேட்டா அத்தன பேரும் 'நீங்கதானுங்க தலைவரம்மா வேணும்'கறாங்க. எங்க பெரிய மாமா கேட்டாலும் அத்தன பேரும் 'நீங்கதானுங்க வேணும்'கறாங்க. எனக்கு அவங்க மூஞ்சியப் பார்த்து ஒண்ணுமே கண்டுபுடிக்க முடியலீங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டு, "நெசம் தெரியறதுக்கு உங்க படிப்புல வழி இருக்குதுங்களா?" என்றார்.

இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு வகுப்புக்கும் அதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். ஊருக்குள் கொண்டுபோகும் வேளை அதுவரை வந்ததில்லை.

வழி எளிது. ஒரு சுருக்குப் பையில் பத்துப் பாசிமணிகள். மூன்று சிவப்பு, ஏழு வெள்ளை. கேள்வி ஒன்றே ஒன்று: "இப்போதைய தலைவருக்குப் பதிலாக வேறு ஆள் வர வேண்டுமா?" பதில் சொல்பவர் பைக்குள் கைவிட்டு ஒரு மணியை எடுத்து, யாருக்கும் காட்டாமல் பார்த்துவிட்டுப் போட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால், மனதில் என்ன இருந்தாலும், "ஆமாம்" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது ஒருவர் "ஆமாம், வேறு ஆள் வேண்டும்" என்கிறார். சொன்னது அவரா, மணியா? கேட்டவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டவருக்கும் தெரியாது. பின்னால் வந்து யாராவது மிரட்டினால், "செவப்பு வந்துச்சுங்க, சொன்னேன்" என்று போய்விடலாம். ஆனால் நூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு திறந்துகொள்கிறது. நூறில் ஏறத்தாழ முப்பது பேருக்குச் சிவப்பு வந்திருக்கும். அந்த முப்பது "ஆமாம்" மணிகளுடையவை. மொத்தம் ஐம்பது "ஆமாம்" வந்தால் மிச்சமுள்ள இருபதுதான் மனிதர்களுடையது. வெள்ளை எடுத்த எழுபது பேரில் இருபது. யார் அந்த இருபது பேர் என்று எங்களுக்கும் தெரியாது, எப்போதும் தெரியப் போவதில்லை. எத்தனை பேர் என்பது மட்டும், முன்னே பின்னே இருந்தாலும், தெரிந்துவிடும்.

மாணவியாக இருந்தபோது இதை முதன்முதலில் கேட்ட அன்று, சேலத்திலிருந்து வீடு திரும்பும் பேருந்தில் வழி முழுக்க எதிர் வரிசையில் இருந்தவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். கூடையை முழங்காலில் வைத்திருந்த பெண், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியவர், டிக்கெட்டைக் காதில் செருகியிருந்த ஒருவர். ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் எல்லோருடைய மனதையும் சேர்த்து அறிய முடியும் என்பது அன்று எனக்குக் கணக்காகவே தோன்றவில்லை. இவ்வளவு மரியாதையான ஒன்றை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்றிருந்தது. இன்றும் வகுப்பில் அந்த இடத்துக்கு வரும்போது என் குரல் சற்று இறங்குகிறது என்று மாணவிகள் கேலி செய்வதுண்டு.

தலைவரிடம் பையைக் கொடுத்து விளக்கினேன். அவர் கைவிட்டு ஒரு மணியை எடுத்து, உள்ளங்கையை மூடியபடி பார்த்தார். போட்டார். கொஞ்சம் தாமதித்து மறுபடி எடுத்தார், பார்த்தார், போட்டார். பையின் கயிற்றை இழுத்துக் கட்டி என் மேஜைமேல் வைத்தார்.

"புரிஞ்சுதுங்க" என்றார். பழகிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நிபந்தனை போட்டேன். முடிவு எதுவானாலும் ஊராட்சிச் சுவரில் ஒட்டுவோம். எல்லோரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்ளட்டும். அவருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று ஊர் சொன்னால் அதையும் ஊரே படிக்கும்.

"ஒட்டுங்க டீச்சர்" என்றார். அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வரவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றி, அவிழ்த்து, பிறகுதான் சொன்னார்.

வாக்காளர் பட்டியலிலிருந்து கணினி பொறுக்கித் தந்த பெயர்களோடு ஊருக்குள் இறங்கினோம். யாரைக் கேட்பது என்பதில் எங்களுக்கு உரிமை கிடையாது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது. பெயர் வந்தவர் தறிக்குடோனில் ஷிப்டில் இருந்தால் ஷிப்ட் முடிந்து வர வேண்டும். ரிக் வண்டியோடு வடமாநிலத்தில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தால், கிடைக்கவில்லை என்றுதான் குறிக்க வேண்டும். அவருடைய தம்பியைக் கேட்டுக்கொள்ள முடியாது. மாணவிகளுக்கு இதுதான் எரிச்சலான வேலை. எனக்கோ இதுதான் பிடித்த பகுதி. பட்டியலில் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. கணினிக்கு யார் ஊர்ப் பெரியவர், யார் தறிக்குத் தார் நூல் சுற்றும் பெண் என்று தெரியாது. அது ஒரு பெயரைச் சொன்னால் அந்த வாசலில் போய் நின்றே ஆக வேண்டும்.

ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண் முதலில் நம்பவில்லை.

"என்ற பேரா வந்துருக்குது? எங்க ஊட்டுக்காரரு பேரா இருக்குமுங்க. நல்லாப் பாருங்க."

"உங்க பேருதானுங்க."

"அவரு வரட்டும், அவரே சொல்லுவாருங்க."

"அவரு பேரு வரலீங்களே."

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டு, படியில் நேராக நின்று, "கேளுங்க" என்றார். தறிச் சத்தத்தில் நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன். மாணவி பையை நீட்டினாள். அந்தப் பெண் கைவிட்ட விதத்தையும், எடுத்த மணியைப் பார்க்கும் முன் அவருடைய உதடுகள் எதையோ முணுமுணுத்ததையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

எல்லாத் தாள்களும் வந்து சேர்ந்ததும் துறை அறையில் உட்கார்ந்து கணக்கிட்டேன். "ஆமாம்" என்ற பதில்கள் மிகக் குறைவாக இருந்தன. குறைவு என்றால், ஒரே ஓர் ஆள்கூட மனதார வேறு தலைவரை விரும்பவில்லை என்று வைத்துக்கொண்டாலும், சிவப்பு மணிகள் மட்டுமே அதைவிட அதிகமான "ஆமாம்"களைக் கொடுத்திருக்க வேண்டும். மணிகளின் பங்கைக் கழித்தேன். விடை பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று.

மறுபடி கூட்டினேன். மாணவிகளை விட்டுக் கூட்டச் சொன்னேன். அதே விடை. இந்த ஊரில் வேறு தலைவர் வேண்டும் என்பவர்கள் ஒருவருமில்லை என்பதைத் தாண்டி, இல்லாததிலும் கொஞ்சம் குறைவாக இருக்கிறார்கள். இப்படி ஒரு விடை வராது. வந்தால் கணக்கு நம் சட்டையைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள். மாணவிகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வீடு நின்ற எங்களில் ஒருவர் கண்ணிலும் படாத ஏதோ ஒன்று அந்த ஊரில் நடந்திருக்கிறது. ஒரு கழித்தல் கணக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது.

தனியாகப் போய்க் கேட்பதென்று முடிவு செய்து, மறுபடி பேருந்தேறினேன்.

கடைத்தெருவில் இறங்கியதும் தலைவரின் கணவருடைய அண்ணன் எதிர்ப்பட்டார். வெள்ளைச் சட்டை, மோட்டார் சைக்கிள், வாய் நிறைய உற்சாகம்.

"வாங்க டீச்சர்! என்னுங்க, கணக்கக் காணோம்? செவுத்துல ஒட்டறதாச் சொன்னீங்க. பையிலயே தொலஞ்சு போச்சா?"

"கணக்குல ஒரு தப்பு வந்துருச்சுங்க. மறுபடியும் எடுக்க வேண்டி வரும்."

"அதெப்புடிங்க? உங்களுக்குப் புடிச்ச மாதிரி வர்ற வரைக்கும் எடுத்துட்டே இருப்பீங்களா?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் முதல் முறை வந்த விடை யாருக்குச் சாதகம் என்று அங்கே சொல்வது முறையல்ல. சொல்லாமல் நடந்தேன். அவருடைய கேலி எவ்வளவு சரியான இடத்தில் விழுந்தது என்பது அடுத்த வீட்டில்தான் தெரிந்தது.

அந்த வீட்டுக்காரர் ரிக் வண்டி ஓட்டுபவர், விடுப்பில் வந்திருந்தார். அவர் மனைவி தறிக்குப் போகிறவர். கணினி இரண்டு பேருடைய பெயரையும் பொறுக்கியிருந்ததால் இரண்டு பேருமே பையில் கைவிட்டவர்கள். காபி கொடுத்தார்கள். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, மணியை எப்படி எடுத்தார்கள் என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க மாமா. நாலு தடவ எடுத்தீங்கல்ல?"

"நாலெல்லாம் இல்லீங்க டீச்சர், மூணு. இவ எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டித்தான் சொல்லுவா."

"எதுக்குங்க மூணு தடவ எடுத்தீங்க?"

"மொதல்ல செவப்பு வந்துருச்சுங்களே."

"செவப்பு வந்தா ஆமான்னு சொல்லணும்னுதானே சொன்னாங்க?"

அவர் நெளிந்தார். "அந்தப் புள்ள சொல்லுச்சுங்க. ஆனா செவப்பு வந்தா சாமி வேண்டாங்குதுன்னுதானுங்க அர்த்தம். தலைவரம்மாளுக்கு நாம்போயி அப்படி ஒரு வாக்க வாங்கித் தர முடியுங்களா? போட்டுட்டு மறுக்கா எடுத்தேன். மறுக்காவும் செவப்பு. மூணாவது எடுத்தேன், வெள்ளை வந்துச்சு. அப்பறந்தான் நிம்மதி."

காபி டம்ளரை நான் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எதைத் தொடங்குவதானாலும் கோயிலில் பூக்கேட்பது வழக்கம். ஒரு காகிதத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ; மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் சாமிக்கு மனக்குறை, மறுபடி கேட்பார்கள். மூன்று முறை வரை கேட்கலாம். பெண் பார்க்க, கிணறு வெட்ட, தறி வாங்க, எல்லாவற்றுக்கும். என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்குள் நாங்கள் பையில் சிவப்பையும் வெள்ளையையும் போட்டு எடுத்துக்கொண்டு போய், ஒருவருடைய பதவியைப் பற்றிக் கேள்வியும் கேட்டு, உள்ளே கைவிடச் சொல்லியிருக்கிறோம். சேலத்துக் கடையில் அந்த மணிகளை வாங்கும்போது எனக்குப் பூ நினைவே வரவில்லை. பாடப்புத்தகத்தில் அவை வெறும் மணிகள்.

"வெள்ளை வந்தவங்க?" என்று மனைவியைக் கேட்டேன். "வெள்ளை வந்தா மனசுல இருக்கறதச் சொல்லணும், இல்லீங்களா?"

"மனசுல என்ன வேணா இருக்கட்டுங்க" என்றார் அவர். "சாமி சரின்னு வெள்ளையக் குடுத்தப்பறம் அதுக்கு மேல நாம ஒண்ணு சொல்றதுங்களா?"

"அப்ப உன்ற மனசுல வேற என்னமோ இருந்துச்சா?" என்றார் கணவர்.

"டீச்சர் அதக் கேக்கலீல்ல, நீங்க எதுக்குக் கேக்கறீங்க? குடிச்சுட்டு டம்ளரக் குடுங்க."

திரும்பும் வழியில் வெயிலில் நின்றுவிட்டேன். சிவப்பு வந்தவர்கள் போட்டுவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார்கள். வெள்ளை வந்தவர்கள் சாமியின் பதிலைத் தங்கள் பதிலாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் வாசல் வாசலாகப் போய்ச் சேகரித்தது ஊரின் விருப்பத்தை அல்ல; ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒரு பெண்ணுக்காகக் கேட்கப்பட்ட பூவை. அவர்மேல் உள்ள பிரியத்தால் எத்தனை பேர் மறுபடி எடுத்தார்கள், யாருக்கு வந்தாலும் சிவப்பை ஏற்காத பழக்கத்தால் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாததை முடிவு என்று எழுத முடியாது. ஆனால் அந்தத் தெருவை நான் முன்பு பார்த்த மாதிரி பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், மூடிய கைக்குள் சிவப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார்.

ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் மட்டும் இருந்தார். முடிவை அவருக்கு மட்டும் சொல்வதில்லை என்பது என் நிபந்தனை. ஆனால் இது முடிவே அல்லவே. முதல் கணக்கு அவருக்கு எக்கச்சக்கமாகச் சாதகமாக வந்தது, அது பிழை, ஒட்ட முடியாது என்று சொன்னேன். பூக்கேட்ட விஷயத்தையும் சொன்னேன்.

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். திரும்பியபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"நீங்க சொல்லாம ஒட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றார்.

"ஆமாங்க."

"பெரிய மாமாவும் நம்பியிருப்பாரு. ஒதுங்கிக்கூட இருப்பாரு."

"இருக்கலாமுங்க."

மேஜையிலிருந்த முத்திரையை நகர்த்தி மறுபடி அதே இடத்தில் வைத்தார். "போட்டுட்டுப் போட்டுட்டு எடுத்த வெள்ளைய வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க? மறுபடி எடுங்க. இந்தத் தடவ சாமி குறுக்க வராத மாதிரி எடுங்க."

மாணவிகளோடு உட்கார்ந்து யோசித்தோம். நிறம் வேண்டாம். சீட்டு வேண்டாம், அதுவும் கோயிலில் உண்டு. காசைச் சுண்டுவதும் வேண்டாம். கடைசியில் ஒருத்தி தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "இதுல சாமி வராதுங்க மேம்" என்றாள். கடைசியாக உங்களை அழைத்தவரின் எண்ணைப் பாருங்கள். எங்களுக்குக் காட்ட வேண்டாம். அதன் கடைசி இலக்கம் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்றால் "ஆமாம்" என்று சொல்லிவிடுங்கள். மற்றதென்றால் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். நடந்து முடிந்த அழைப்பு. போட்டுவிட்டு மறுபடி எடுக்க வழியில்லை. எங்கள் எல்லோருடைய கைபேசிகளிலும் வந்த அழைப்புகளைக் கூட்டிப் பார்த்தேன்; பத்து இலக்கங்களும் ஏறக்குறையச் சமமாகவே பரவியிருந்தன. அது போதும். கணினியிடம் புதிய பெயர்கள் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

இந்த முறை யார் உதடும் அசையவில்லை.

"கடைசியாக் கூப்புட்டது லோன் வேணுமான்னு கேக்கற பொண்ணுங்க. அது பரவால்லீங்களா?"

"அதுவும் நம்பர்தானுங்க."

"எனக்கு எம்மவ மட்டுந்தான் கூப்புடுவா. எப்பப் பார்த்தாலும் அதே நம்பர்தான் வரும்."

"இருக்கட்டுங்க. உங்க மக நம்பர் எங்களுக்குத் தெரியாதுல்லீங்க?"

"தெரியாம இருக்கறதே நல்லது சாமி. தெரிஞ்சா உங்களையும் புடிச்சு நாலு மணி நேரம் பேசுவா."

எல்லோரும் கண்ணாடியைத் தேடினார்கள், கையை நீட்டித் தூரப் பிடித்து எண்ணைப் படித்தார்கள், ஒரு நொடி யோசித்தார்கள். அந்த ஒரு நொடியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறை இல்லாத ஒன்று அதில் இருந்தது. தன் சொந்தப் பதிலோடு தனியாக நிற்கிற முகம். அத்தனை தறிச் சத்தத்திலும் அந்த நொடி நிசப்தமாக இருந்தது போலிருந்தது.

கணக்கு இந்த முறை பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. எண்களின் பங்கைக் கழித்து, சிலரை மட்டுமே கேட்டதால் வரக்கூடிய ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்தேன். வேறு ஆள் வேண்டும் என்பவர்கள் பாதிக்கும் குறைவு. ஏற்ற இறக்கத்தின் மேல் எல்லையை எடுத்துக்கொண்டாலும் பாதியைத் தொடவில்லை. ஆனால் அலட்சியம் செய்யும் அளவுக்குச் சிலரும் அல்ல. கண்ணுக்கு எதிரே அத்தனை பேரும் "நீங்கதானுங்க வேணும்" என்று சொல்லும் ஊரில் இத்தனை பேர் வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல், அவரிடமே சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

தாளை நானே எடுத்துப் போய்ச் சுவரில் ஒட்டினேன். எப்படிக் கேட்டோம், எத்தனை பேர் கிடைக்கவில்லை, எவ்வளவு பிழை இருக்கலாம், முதல் முறை ஏன் தவறிப்போனது என்பதையும் எழுதியிருந்தேன். தலைவர் வந்து படித்தார். அவருடைய கணவரின் அண்ணனும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே தாளைப் படித்தார்கள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

அண்ணன்தான் முதலில் படித்து முடித்தார். "பரவால்லயே! நமக்கும் இத்தன பேரு இருக்காங்களே!" என்றார். உண்மையாகவே மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். பிறகு என்னிடம், "யார் யாருன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா ஊட்டுக்கே போயி ஒரு கும்புடு போட்டுருவனுங்க" என்றார்.

"எங்களுக்கே தெரியாதுங்க."

"சும்மா சொல்லாதீங்க டீச்சர். உங்க தாள்ல இருக்குமல்ல?"

"தாள்ல இருக்கற 'ஆமா'வுல நெறைய போன் நம்பர் சொன்னதுங்க. எது ஆளு, எது நம்பருன்னு பிரிக்க யாராலயும் முடியாதுங்க."

அவர் கூடியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. அந்த ஏழெட்டுப் பேரில் எங்களுக்குப் பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பதில் அந்தச் சுவரில் இருந்தது. அவர்கள் முன்னாலேயே எல்லோரும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அது அவர்களிடமே பத்திரமாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியும் நான் பார்த்திராதது அது. கூட்டம் கலைகிற வரை அங்கேயே நின்றேன்.

அண்ணனின் வண்டி போன பிறகு தலைவர் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார்.

"உங்க ஆபீஸ்ல அன்னிக்குப் பையில கைய உட்டேனுங்களே" என்றார்.

"ஆமாங்க. ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையும் செவப்புதானுங்க."

நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை, நடந்துகொண்டே சொன்னார். "அன்னிக்கே முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இன்னொரு தடவ கேக்கலாம். ஆனா மூணாவதும் செவப்பே வந்துட்டா அப்பறம் கேக்கறதுக்கு வழியில்லீங்க. அதான் கைய எடுத்துட்டேன். மூணாவது தடவைய ஊரக் கேட்டுக்கலாம்னு உட்டுட்டேன்."

அந்தப் பையில் சிவப்பு மூன்று, வெள்ளை ஏழு. இரண்டு முறையும் சிவப்பு வருவது அரிது, ஆனால் அதிசயமில்லை. அதற்கான பெருக்கல் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. முதல் கணக்கு தனக்குச் சாதகம் என்று தெரிந்தும், இரண்டு சிவப்பைத் தனக்குள் வைத்துக்கொண்டு, மறுபடி எடுங்கள் என்று அந்த ஜன்னலோரம் சொன்னவர் அவர்.

"அப்ப நிக்கறீங்களா?"

"நிக்கறனுங்க." திருச்செங்கோடு போகும் பேருந்து திரும்புவதைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "இன்னிக்குச் சாயங்காலம் பெரிய மாமா ஊட்டுக்குப் போயி நானே சொல்லிப்புடறேன். செவுத்துல ஒட்டற வரைக்கும் பொறுத்தாச்சு. அவருக்கு மட்டும் எதுக்குங்க மறச்சு வெக்கோணும்?"

பேருந்து கொஞ்ச நேரம் நின்று கிளம்பி, ஊராட்சி அலுவலகத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அலுவலகத்துக்குள் போகவில்லை. தாளை ஒட்டியிருந்த சுவரின் முன் மறுபடி நின்று, வேறு ஆள் வேண்டும் என்றவர்களைப் பற்றிய வரியின்மேல் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.